மூளையின் காவலைத் தளர்த்தும் அல்ட்ராசவுண்ட்: மறதி நோய்க்கு நாலு வழிகள், ஓர் ஒப்பீடு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கோயம்புத்தூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில், தலையைத் திறக்காமலே அல்ட்ராசவுண்ட் கொடுத்துக் கை நடுக்கத்தை நிறுத்துகிறார்கள். அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று சுற்றி வருவதற்குள் "அல்ட்ராசவுண்டில் மூளை நோய் எல்லாம் சரியாகிறது" என்று மாறிவிட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, இங்கே அத்தனை பெரிய வீட்டில் ஆத்தாவும் ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும் இருக்கும் குடும்பங்களில் இந்தச் செய்தி வேகமாகப் பற்றிக்கொள்கிறது.

நடுக்கத்துக்குக் கொடுப்பது சூடு. மூளையின் தலாமஸ் பகுதியில் கடுகளவு இடத்தில் அலைகளைக் குவித்து, 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அந்தத் திசுவைச் சாகடிக்கிறார்கள். அது மறுபடி உயிர் பெறக் கூடாது, அதுதான் சிகிச்சையே. மறதி நோய்க்கு ஆராய்வது முற்றிலும் வேறு. சூடு கிடையாது, ஆற்றலும் மிகக் குறைவு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே தடையாக நிற்கும் மூளை ரத்தக் குழாயின் சுவரைச் சில மணி நேரம் தளர்த்திவிட்டு, அது தானாக மூடிக்கொள்ள விடுவது. இதில் திசு பழையபடி ஆகியே தீர வேண்டும். ஆகவே இதைப் பற்றி முடிவெடுக்கும்போது, திறக்க முடிகிறதா என்பது பாதிக் கேள்விதான். திறந்த இடம் எப்படி ஆறுகிறது, எவ்வளவு நாளில் ஆறுகிறது என்பதுதான் மீதி. எனக்கு அந்த மீதிதான் பெரிதாகப் படுகிறது.

ஒப்பிடுவதற்கு ஒரு ஆளை முன்னால் வைத்துக்கொள்வோம். எனக்குத் தூரத்து உறவில் ஓர் ஆச்சி, எழுபதைத் தாண்டியவர். அல்சைமர் என்ற மறதி நோய், தொடக்க நிலை என்று மதுரையில் நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். பெட்டகச் சாவியை வைத்த இடம் மறக்கிறது. பேத்திக்குச் சீர் வைத்த கணக்கு பைசா சுத்தமாக நினைவிருக்கிறது. சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் உண்டு, அதற்காக ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரை தினமும் உண்டு. மகன் கேட்கிறார்: "எதுண்ணே ஆத்தாவுக்குச் சரிப்பட்டு வரும்?" நான் மருத்துவர் இல்லை, கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். இந்த மாதிரிக் கேள்விகள் ஊரில் என்னிடம் வந்து சேரும்.

எதிரே இருப்பவை நாலு. இப்போது கொடுக்கும் மாத்திரையோடு இருப்பது. இந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்தை நரம்பில் ஏற்றுவது. அல்ட்ராசவுண்டால் தடையைத் திறப்பது மட்டும். திறந்துவிட்டு அந்த மருந்தையும் கொடுப்பது.

தடை என்று ஏன் ஒன்று இருக்கிறது

1885ல் ஜெர்மனியில் பால் எர்லிக் விலங்கின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பு முழுக்கச் சாயம் ஏறியது, மூளையும் தண்டுவடமும் மட்டும் வெளுப்பாகவே இருந்தன. மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களின் உட்சுவர் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் தைத்ததுபோல் ஒட்டியிருப்பதுதான் காரணம். அந்தத் தையலுக்குக் கிளாடின், ஆக்லூடின் என்று புரதங்கள் உண்டு. வெளிப்பக்கம் பெரிசைட் என்ற செல்கள் குழாயைக் கட்டிப் பிடித்திருக்கின்றன; அதற்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் என்ற மூளைத் துணைச் செல்களின் பாதங்கள் போர்த்தியிருக்கின்றன. நம்மூர் வீட்டில் வருகிறவர் எவரும் முகப்பில் உட்காரலாம், இரண்டாங்கட்டுக்குள் போக வீட்டாராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் போன்றது இது. குளுக்கோஸும் அமினோ அமிலமும் வீட்டார். அவற்றுக்குத் தனி வாசல் உண்டு. எதிர்ப்புரதம் மாதிரிப் பெரிய மூலக்கூறு ரத்தத்தில் ஆயிரம் இருந்தால் மூளைக்குள் ஒன்று போய்ச் சேர்வதே பெரிது.

இதைத் திறக்க 1970களிலேயே ஒரு வழி கண்டார்கள். அடர்த்தியான மேனிட்டால் கரைசலைக் கழுத்துத் தமனி வழியே செலுத்தினால் குழாய்ச் செல்கள் சுருங்கி இடைவெளி விடும். ஆனால் அந்தத் தமனி பாயும் பக்கம் முழுக்கத் திறந்துகொள்ளும். வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு. வேண்டிய இடத்தை மட்டும் திறக்கும் வழி 2001ல் வந்தது. குல்லெர்வோ ஹைனினனும் நேதன் மெக்டானல்டும் முயல்களில், எம்.ஆர்.ஐ. பார்த்தபடியே, நுண்குமிழ்களையும் குவித்த அல்ட்ராசவுண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். இன்று நடக்கும் எல்லாமே அதன் வழித்தோன்றல்தான்.

அந்த நாள் எப்படி இருக்கும்

தலைக்கவச வகைக் கருவியில் முதல் வேலை மொட்டை. (பழனிக்கு முடி கொடுத்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய மனத்தடை இருக்காது என்று நினைக்கிறேன்.) தலையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நான்கு திருகுகளால் ஒரு வளையத்தை மாட்டுவார்கள். தலைக்கும் கவசத்துக்கும் நடுவே சவ்வு கட்டி, காற்று நீக்கிய குளிர்ந்த தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். கவசத்தில் 1024 ஒலிமூலங்கள். அப்படியே எம்.ஆர்.ஐ. குழலுக்குள் சில மணி நேரம் விழித்தபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

கை நரம்பில் நுண்குமிழ்களை ஏற்றுவார்கள். கொழுப்பு உறைக்குள் வாயு அடைத்த குமிழ்கள், சிவப்பணுவைவிடச் சிறியவை, இதய ஸ்கேனுக்கு ஏற்கெனவே பயன்படுபவைதான். குறிவைத்த இடத்தில் 220 கிலோஹெர்ட்ஸ் அலை பட்டதும் குமிழ் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, குழாய்ச் சுவரை உள்ளிருந்து தள்ளித் தள்ளி விடுகிறது. தையல் தளர்கிறது. ஆற்றல் கூடிவிட்டால் குமிழ் வெடித்துக் குழாயே கிழியலாம். அதனால் குமிழ்கள் எழுப்பும் மெல்லிய ஒலியைக் கருவி கேட்டுக்கொண்டே இருக்கும். சுருதி மாறினால் ஆற்றலைக் குறைக்கும். கடைசியில் கேடோலினியம் என்ற, ஸ்கேனில் பளிச்சிடும் மருந்தை ஏற்றிப் படம் எடுத்தால், திறந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாகப் பளிச்சென்று தெரியும். மறுநாள் அதே மருந்தை ஏற்றி மறுபடி எடுத்தால் புள்ளிகள் இல்லை. மூடிவிட்டது.

டொரன்டோவில் நிர் லிப்ஸ்மன் குழு 2018ல் ஐந்து அல்சைமர் நோயாளிகளுக்கு இதைச் செய்து வெளியிட்ட முடிவு இதுதான்: 24 மணி நேரத்துக்குள் தடை மூடியது, கடுமையான பாதிப்பு எவருக்கும் இல்லை. அங்கே கூடவே எந்த மருந்தும் கொடுக்கவில்லை. அமிலாய்டும் குறிப்பிடும்படி குறையவில்லை.

"மறுநாள் மூடிவிட்டது" என்றால் ஆறிவிட்டது என்று பொருளா?

இங்கேதான் நிதானிக்க வேண்டும். கேடோலினியப் படம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறது: அந்த அளவு மூலக்கூறு இனி உள்ளே நுழையவில்லை. சுவர் மூடுவது ஒரு கடிகாரம், திசு அமைதியாவது இன்னொரு கடிகாரம்.

சுவரின் கடிகாரம் வேகமானது. விலங்குகளில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்ததில், சிதறிய தையல் புரதங்கள் சில மணி நேரத்தில் இடத்துக்குத் திரும்பத் தொடங்கி, ஒரு நாளுக்குள் வரிசையாகிவிடுகின்றன. பெரிய மூலக்கூறுகளுக்கு வாசல் முதலில் அடைபடுகிறது, சிறியவற்றுக்குக் கடைசியில். இது மருந்து கொடுக்கும் நேரத்தையே தீர்மானிக்கும் விஷயம். எதிர்ப்புரதம் மாதிரிப் பெரியதைத் திறந்த பிறகு ஆற அமர ஏற்றினால், பாதி வாசல் அடைத்தபின் போய் நிற்கும்.

திசுவின் கடிகாரம் மெதுவானது. திறந்திருந்த நேரத்தில் ரத்தத்தின் ஆல்புமின் என்ற புரதம் உள்ளே கசிந்திருக்கும். அது மூளைத் திசுவுக்கு அந்நியம். மைக்ரோகிளியா என்ற துப்புரவுச் செல்கள் அதை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன, ஆஸ்ட்ரோசைட்டுகள் பருக்கின்றன. 2017ல் கோவாக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு எலிகளில் காட்டியது: திறந்த சில நிமிடங்களிலிருந்தே அழற்சிப் புரதங்கள் ஏறுகின்றன, கிருமி எதுவும் இல்லாத அழற்சி. கேட்டதும் பலர் பயந்தார்கள். அதே ஆண்டு மெக்மஹோனும் ஹைனினனும் இன்னொன்றைக் காட்டினார்கள்: மனிதருக்கு ஸ்கேனில் கொடுக்கும் அளவு குமிழ் கொடுத்தால் அழற்சி மிதம், பத்து மடங்கு கொடுத்தால் பெரிது. அழற்சியைத் தீர்மானிப்பதில் குமிழின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமான தகவல். ஆய்வில் சேரச் சொல்லும் எவரிடமும், ஒரு அமர்வில் எவ்வளவு குமிழ் ஏற்றுவீர்கள் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

மிதமான அழற்சி கெடுதல் மட்டும் இல்லை என்பது இதில் வேடிக்கை. விழித்துக்கொண்ட மைக்ரோகிளியா ஆல்புமினோடு அமிலாய்டையும் விழுங்குகிறது. ஆஸ்திரேலியாவில் லைனெங்காவும் கோட்ஸும் 2015ல் மருந்தே இல்லாமல் அல்ட்ராசவுண்ட் மட்டும் கொடுத்து எலிகளில் அமிலாய்டு குறைந்ததையும், ஞாபகச் சோதனைகளில் அவை தேறியதையும் காட்டினார்கள். எலி மண்டையோடு காகிதம் மாதிரி. மனித மண்டையோடு அப்படி இல்லை. டொரன்டோவில் அமிலாய்டு அசையாததையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒரு தடவை திறப்பதைவிட எனக்குத் தயக்கம் தருவது திரும்பத் திரும்பத் திறப்பது. குரங்குகளில் பல வாரங்கள் திரும்பத் திரும்பத் திறந்தும் பார்வையும் பழகிய வேலைகளும் கெடவில்லை என்று மெக்டானல்ட் குழு 2012ல் எழுதியது. அது நம்பிக்கை தரும் சான்று. கோவாக்ஸ் குழுவின் எலிகளிலோ வாராவாரம் செய்தபின் படத்தில் மறையாத தழும்புகள் தங்கின. இரண்டுக்கும் நடுவே குமிழ் அளவு, ஆற்றல், இடைவெளி என்று பல வேறுபாடுகள் உண்டு. சரி, மனிதரில்? மாதம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்ற இடைவெளியில் செய்யும்போது கெடுதல் தெரியவில்லை. ஆனால் செய்துகொண்டவர்கள் மிகச் சிலர், பார்த்திருந்த காலமும் குறைவு. அதோடு முதுமையில் பெரிசைட்டுகள் குறையும்; அல்சைமரில் குழாய்ச் சுவரிலேயே அமிலாய்டு படியும். ஆய்வகத்தில் தளர்த்திப் பார்த்த சுவர்கள் பெரும்பாலும் இளம் விலங்குகளின் சுவர்கள். ஆச்சியின் சுவர் அப்படிப்பட்டதல்ல.

ஊசி மருந்தோடு வைத்துப் பார்த்தால்

லெகனமாப் எதிர்ப்புரத மருந்துக்கு அமெரிக்கா 2023ல் முழு ஒப்புதல் தந்தது. 1795 பேரில் 18 மாதம் பார்த்த ஆய்வில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. காதுக்குப் பெரிதாகக் கேட்கும் எண். மறதி நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45 புள்ளி. அதே வகை மருந்தான டோனனெமாப் 2024ல் வந்தது. மாதம் ஒரு முறை போதும்.

இதில் அல்ட்ராசவுண்ட் இல்லை, யாரும் தடையைத் திறப்பதில்லை. ஆனாலும் தடை கசிகிறது! குழாய்ச் சுவரில் படிந்த அமிலாய்டை மருந்து உரிக்கும்போது சுவர் பலவீனமாகி, மூளையில் வீக்கமோ நுண் ரத்தக் கசிவோ வருகிறது. லெகனமாபில் வீக்கம் 12.6 சதவீதம் பேருக்கு வந்தது. அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு. பெரும்பாலும் அறிகுறி இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும். முதல் ஏழு டோஸுக்குள் வருவதே அதிகம். வந்தால் ஆறுவதற்கு வாரங்கள், சிலருக்கு நாலு மாதம் ஆகும்.

இந்த ஒப்பீட்டைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். "அல்ட்ராசவுண்ட் மூளையைத் திறக்கிறது, ஊசி பாதுகாப்பானது" என்று மேலோட்டமாகத் தோன்றும். திசு ஆறும் காலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தலைகீழ். அல்ட்ராசவுண்ட் திறப்பு நாம் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் நடந்து, மறுநாள் மூடுகிறது. ஊசியால் வரும் கசிவு எங்கே வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஆறவும் நாளாகிறது. ஆனால் ஒன்று: ஊசியின் கெடுதல் ஆயிரக்கணக்கானவரிடம் எண்ணிப் பார்க்கப்பட்டது. அல்ட்ராசவுண்டின் கெடுதலை எண்ணும் அளவுக்கு ஆட்களே இல்லை. தெரிந்த ஆபத்தோடு பேரம் பேசலாம்; எண்ணப்படாத ஆபத்தோடு முடியாது. அதனால் இந்த இரண்டில் ஊசியைத்தான் முதலில் பரிசீலிக்கச் சொல்வேன்.

தேவகோட்டையிலிருந்து அதன் கஷ்டம் வேறு விதம். லெகனமாப் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வர வேண்டும். தொடக்க மாதங்களில் குறித்த டோஸ்களுக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டு விலை 26,500 டாலர். பணம் இருந்துவிடலாம். ஏற்றிக்கொண்டு வந்த ராத்திரி தலைவலி, குழப்பம் என்றால் அதைப் புரிந்துகொண்டு உடனே ஸ்கேன் எடுக்க யார் கூட இருப்பார்? லெகனமாப் எடுத்துக்கொண்டிருந்த 65 வயதுப் பெண் ஒருவர் பக்கவாதம் வந்து ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போடப்பட்டதும் மூளை முழுக்க ரத்தம் கசிந்து இறந்தது மருத்துவ இதழில் வந்தது. அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் "இவர் இந்த மருந்தில் இருக்கிறார்" என்பதுதான். மகன் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது.

இரண்டையும் சேர்த்தால்

மேற்கு வர்ஜீனியாவில் அலி ரெசாய் குழு 2024 ஜனவரியில் மூன்று பேரின் முடிவை வெளியிட்டது. மாதம் ஒரு முறையாக ஆறு மாதம் அடுகனுமாப் என்ற இன்னொரு எதிர்ப்புரத மருந்தை ஏற்றி, உடனே மூளையின் ஒரு பக்கத்தில் சில பகுதிகளில் மட்டும் தடையைத் திறந்தார்கள். 26 வாரத்தில் திறந்த பகுதிகளில், எதிர்ப் பக்கத்தின் அதே பகுதிகளைவிட, அமிலாய்டு சராசரியாக 32 சதவீதம் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒரே மூளையின் இரு பக்கங்களை ஒப்பிட்டது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மூன்று பேர் என்பது மூன்று பேர்தான். அவர்கள் பயன்படுத்திய அடுகனுமாபையே தயாரிப்பு நிறுவனம் 2024ல் கைவிட்டுவிட்டது. எதிர்காலம் இந்த வழியில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன், ஆனால் இந்த வருஷத்துக்கு ஆச்சிக்கு இல்லை. குளோபிடோகிரெல் எடுக்கிறார் என்ற ஒரு காரணமே போதும், பெரும்பாலான அல்ட்ராசவுண்ட் ஆய்வுகள் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும். ஸ்டென்டுக்கான மாத்திரையை ஆய்வுக்காக நிறுத்தலாம் என்று எவராவது சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பேச்சே வேண்டாம்.

மூளைக் கட்டி என்றால் என் பேச்சு மாறும். கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்று திரும்பி வந்த நோயாளிக்குக் காலம் மாதக் கணக்கில். பத்து ஆண்டு கழித்துத் தழும்பு தெரியுமா என்பது அங்கே கேள்வியே இல்லை. பாரிஸில் உருவான சோனோகிளவுட் என்ற கருவியைக் கட்டி அறுவையின்போதே மண்டையோட்டில் பதித்துவிடுகிறார்கள். தோல் வழியே ஊசி செருகி மின்சாரம் கொடுத்தால் சில நிமிடத்தில் தடை திறக்கும். மொட்டையும் வேண்டாம், குழலும் வேண்டாம். சிகாகோவில் ஆடம் சோனபென்ட் குழு 2023ல் 17 பேரில் செய்ததில், திறப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மூடத் தொடங்கியது. திறந்த இடத்தில் புற்று மருந்துகளான பாக்ளிடாக்செல் சுமார் நாலு மடங்கும் கார்போபிளாட்டின் சுமார் ஆறு மடங்கும் கூடுதலாகச் சேர்ந்தன. இது இன்னும் ஆய்வு நிலைதான். என் உறவில் யாருக்காவது அந்த நோய் வந்தால், அப்படி ஓர் ஆய்வு எங்கே நடக்கிறது என்று நானே தேடுவேன்.

மாத்திரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டோனெபெசில் காரைக்குடி மருந்துக்கடையிலேயே கிடைக்கும், விலையும் கைக்கு எட்டும். நோயை நிறுத்தாது, கவனமும் அன்றாடக் காரியங்களும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும். தடையைத் தொடாது, திசுவுக்கு ஆற வேண்டிய காயமும் இல்லை. வயிற்றுக் கோளாறு, நாடித்துடிப்பு மெதுவாவது இரண்டையும் கவனிக்க வேண்டும். இதய நோய் உள்ளவருக்கு ஈ.சி.ஜி. எடுத்தபின் தொடங்குவது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் கட்டுக்குள் வைப்பது மூளையின் நுண்குழாய்களுக்கும் நல்லதுதான். இந்த வழிக்கு விளம்பரம் இல்லை என்பதால் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

மகனிடம் நான் சொன்னது: டோனெபெசில் தொடரட்டும். ஊசி மருந்து ஆத்தாவுக்குத் தகுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். தகும் என்று அவர் சொன்னால், முதல் ஆறு மாதம் நீங்களோ அண்ணியோ இங்கே வந்து இருக்க முடியுமா என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்; முடியாது என்றால் தொடங்க வேண்டாம். அல்ட்ராசவுண்ட் இப்போதைக்கு இல்லை.

கேட்கப் போகும் எவருக்கும் முதல் படி ஒன்றுதான். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நுண் ரத்தக் கசிவுகளைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. வரிசையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண மூளை ஸ்கேனில் அது சில இடங்களில் விட்டுப்போகும். அதில் கரும்புள்ளிகளாகத் தெரியும் அந்தக் கசிவுகள் நாலுக்கு மேல் இருந்தால் லெகனமாப் வேண்டாம் என்பதே பொது விதி, அல்ட்ராசவுண்ட் ஆய்வுகளும் சேர்க்கத் தயங்கும். ஏபிஓஇ பரிசோதனை ரத்த மாதிரியிலேயே முடிந்துவிடும். இந்தியாவில் ஏதாவது அல்ட்ராசவுண்ட் ஆய்வுக்கு அழைப்பு வந்தால், அதன் பதிவு எண்ணைக் கேட்டு, சி.டி.ஆர்.ஐ. எனப்படும் அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இணையத்தில் பாருங்கள். 2019ன் மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் நடத்துபவர் பொறுப்பு. பதிவு எண் இல்லாமல், சேர்வதற்கே பணமும் கேட்டால், அது ஆய்வு அல்ல.